கழுத்துக்குக் கீழே

நாற்காலியை எந்தப் பக்கமாகப் போடுவது என்பதிலேயே பாத்துமுத்துவுக்குக் கை நின்றுவிட்டது. குழாய்க்கு எதிரே போட்டால் மகள் மேற்கே பார்த்து உட்காருவாள். மேற்கு, தொழுகிற திசை. அதனால் என்ன, வீட்டில் ஆளாளுக்கு எந்தப் பக்கம் திரும்பியோ குளிக்கிறார்கள், யார் திசை பார்க்கிறார்கள். ஆனால் இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்ட அவள் போன இடத்திலெல்லாம் முதலில் பார்த்தது மேற்கு எது என்பதைத்தான். பலகையை அதற்குத் தக்கபடி போட்டுவிட்டு, சுற்றிலும் சேலைகளைத் திரையாகக் கட்டி, வெந்நீரில் இலந்தை இலையைக் கசக்கிப் போட்ட பிறகுதான் மய்யித்தைத் தூக்கிவரச் சொல்லுவாள். தெருவில் ஒரு பெண் மவுத்தானால் பாத்துமுத்துவைக் கூப்பிடு என்று ஆள் வரும். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அவள் நாற்காலியை வாசல் பக்கமாகத் திருப்பினாள். திருப்பினால் வாளி எட்டவில்லை. மறுபடியும் குழாய்க்கு எதிரே இழுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற ரஷீதா, "உம்மா, நாக்காலிக்கு இவ்வளவு யோசனையா? எனக்குக் கால் நடுங்குது" என்றாள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை நடந்ததற்கே அவளுக்கு மூச்சு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. "உக்காரு, உக்காரு" என்று பாத்துமுத்து தோளைப் பிடித்து உட்கார்த்தினாள். மகள் மேற்கே பார்த்துத்தான் உட்கார்ந்தாள்.

சாயங்காலம், அஸர் தொழுது முடித்த நேரம். ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் மஞ்சளாக வந்து சுவரின் மேற்பகுதியில் கிடந்தது. கீழே ஜன்னல் திட்டில் மருந்து பாட்டில், பக்கத்தில் பஞ்சுச் சுருள், வாஸ்லின் டப்பி. பாத்துமுத்து அந்தப் பக்கம் பார்க்காமல் வாளியில் வெந்நீரை விளாவினாள். விடியும் முன்னே மதுரைக்குக் கிளம்ப வேண்டும். நாளை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மறுநாள் காலையில் ரஷீதாவின் நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு வேறு வைக்கப்போகிறார்கள். அதற்கு இன்றைக்கே வீட்டில் ஒரு தடவை, நாளைக்கு அங்கே ஒரு தடவை, ஆபரேஷன் அன்று காலையில் ஒரு தடவை இந்த மருந்து போட்டுக் குளிக்க வேண்டும் என்று நர்ஸ் எஸ்தர் சொல்லியிருந்தாள். நல்ல பிள்ளை, பொறுமையாகச் சொன்னாள். இது சோப்பு மாதிரி இல்லம்மா. முதல்ல சாதாரண சோப்பு போட்டுக் குளிப்பாட்டி, அந்தச் சோப்பு கொஞ்சம்கூட இல்லாம அலசிடுங்க, சோப்பு இருந்தா இந்த மருந்து வேலை செய்யாது. அப்புறம் குழாயை மூடிட்டு, சுத்தமான துணியில மருந்தை விட்டுக் கழுத்துக்குக் கீழே தேய்க்கணும். முகத்துக்கு வேண்டாம், கண்ணுல படவே கூடாது, மறைவிடத்துக்கு வெறும் தண்ணி போதும். அக்குள், மார்புக்கு அடியில, தொப்புள், ஒரு மடிப்பையும் விட்டுடாதீங்க. தேய்ச்சிட்டு ரெண்டு நிமிஷம் அப்படியே விட்டு அலசுங்க. அதுக்கு மேல சோப்பு, பவுடர், எண்ணெய், அத்தர் ஒண்ணும் கூடாது. அத்தர் கூடாது என்று அவள் சொன்னபோது பாத்துமுத்துவின் மனசு அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. மய்யித்துக்கு அத்தர் உண்டு, கற்பூரம் உண்டு. இதற்குக் கிடையாது. ஆக இது அது இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தாள். அதற்கு முகம் கழுவுவது உண்டு, இதற்கு முகம் இல்லை. இலந்தை இலை உண்டு, இதற்கு இல்லை. ஒன்று மட்டும் இரண்டுக்கும் உண்டு. அதை அவள் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

சோப்புக் குளியல் சீக்கிரம் முடிந்துவிட்டது. தலைக்கு ஊற்றி அலசி, முடியை உச்சியில் சுருட்டிக் கட்டினாள். ரஷீதா பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள். அதற்கு மேல் பாத்துமுத்து ஒரு மெல்லிய துண்டைப் போர்த்தி, அதன் அடியில் கையை விட்டு அலசினாள். "எதுக்கும்மா துண்டு? கதவு சாத்தித்தானே இருக்கு. நீதானே இருக்கே" என்றாள் ரஷீதா. எதற்கு என்று பாத்துமுத்துவுக்கே அப்போதுதான் தெரிந்தது. பலகையில் கிடப்பவளின் மேல் ஒரு துணி கிடக்கும், கை அதன் அடியில் போகும், கண் போகாது. அவள் துண்டை எடுத்தாள். எடுத்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பெரியவளான பிறகு மகளின் உடம்பை அவள் பார்த்ததில்லை, பிள்ளைப்பேற்றின்போதுகூட நர்ஸ்தான் இருந்தாள். இப்போது பார்க்காமல் முடியாது, மடிப்பை விடக்கூடாதே. பாவாடை நாடாவை அவிழ்த்து இடுப்புக்கு இறக்கினாள். மெலிந்துபோயிருந்தாள். காறை எலும்பின் குழியில் தண்ணீர் நின்றது. நெஞ்சின் நடுவில், இரண்டு மார்புக்கும் இடையில், தோல் வழவழவென்று ஒரு தழும்புகூட இல்லாமல் இருந்தது, குழந்தையில் பார்த்த அதே நெஞ்சு, எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது வழுக்கிக்கொண்டு போகுமே அதே நெஞ்சு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் சட்டையின் மேல் விரலை வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். மருமகன் காஜா தலையைக் குனிந்துகொண்டான். ரஷீதா யாரோ படம் வரைவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடு எங்கே போய் முடியும் என்று அவர் விரல் போவதற்கு முன்பே பாத்துமுத்துவுக்குத் தெரியும்.

மெகராஜுக்கு அப்படித்தான் இருந்தது. அடுத்த தெரு மெகராஜ், பீடிக்கடைக்கு இலை வாங்கப் போகும்போது வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவாளே அவள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து நடமாடினாள், நல்லாயிட்டா என்று எல்லோரும் சொன்னார்கள், பிறகு ஒரு நாள் ஆள் வந்தது. பலகையில் துணியின் அடியில் பாத்துமுத்துவின் கை தொண்டைக் குழிக்குக் கீழே ஒரு வரப்பைத் தொட்டது. தையல். கை அதன் மேலேயே இறங்கிப் போனது, இறங்கிக்கொண்டே இருந்தது, வயிறு தொடங்குகிற இடத்தில் வரப்பு பிளந்து, ஈரமாக இருந்தது. அது தண்ணீர் இல்லை என்று கைக்குத் தெரிந்தது. வாசனை பிறகு வந்தது. கூட இருந்த இரண்டு பெண்களிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தை மெதுவாகக் கழுவி, பஞ்சை வைத்து மூடி, மேலே துணியைச் சுற்றினாள். பலகையில் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. மெகராஜின் மகளிடம்கூடச் சொல்லவில்லை, பூப்போல இருந்தாள் உன் உம்மா என்றுதான் சொன்னாள். இப்போது யாரிடம் சொல்வது. காஜாவிடமா, உன் பெண்டாட்டிக்குப் போடப்போகிற தையலை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்றா. நர்ஸ் ஏதோ கிருமி, தோலிலேயே இருக்கும், கத்தி வைத்த இடத்தில் உள்ளே போய்விடும், அதுக்குத்தான் இந்தக் குளியல் என்று சொன்னபோது காஜா சரி சரி என்று தலையாட்டினான், அவனுக்கு அது சொல். பாத்துமுத்துவுக்கு அது விரல் நுனியில் இருந்தது. ஒரு மடிப்பையும் விடக்கூடாது. ஒரு மடிப்பையும்.

குழாயை மூடினாள். பாட்டிலைத் திறந்தாள். மருந்து ரோஸ் நிறத்தில் இருந்தது, சர்பத் மாதிரி. ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் ஏறியது. புதுத் துணியை நனைத்துப் பிழிந்து மருந்தை விட்டாள். காதில் பஞ்சு வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், தெரியும். காதுல ஏதாவது பிரச்சினை உண்டா என்று எஸ்தர் கேட்டபோது அவளேதான் சொன்னாள், ரஷீதாவுக்கு வலது காதில் சின்னதிலிருந்தே சீழ் வரும், சவ்வில் ஓட்டை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று. எஸ்தரின் முகம் மாறிவிட்டது. அப்போ ரொம்பக் கவனம்மா. இந்த மருந்து காதுக்குள்ள ஒரு சொட்டு போகக்கூடாது, ஓட்டை வழியா உள்ளே போனா கேக்கிறதே போயிடும், திரும்பி வராது. பஞ்சை உருட்டி வாஸ்லின் தடவி ரெண்டு காதுலயும் வச்சிட்டுத் தொடங்குங்க. பஞ்சா என்றாள் பாத்துமுத்து. பஞ்சுதாம்மா, மெடிக்கல்ல கிடைக்கும். மெடிக்கலில் கிடைக்கும். அவள் வீட்டுப் பெட்டியில் எப்போதும் கிடக்கும். கடைசியில், துடைத்து முடித்து, மய்யித்தைச் சுற்றுகிற கபன் துணியில் கிடத்தின பிறகு, பஞ்சை விரல் நுனியில் உருட்டி வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. அவள் உருட்டினால் அளவு தப்பாது, பார்க்காமலே உருட்டுவாள். எத்தனை காதுகள். காது குத்தின காதுகள், வயசானவர்களின் தொங்கிப்போன காதுகள், பிரசவத்தில் போன அந்தச் சின்னப் பெண்ணின் காது, கம்மலைக் கழற்றின இடத்தில் வெள்ளையாக இருந்தது. ரஷீதாவின் காதிலும் இப்போது கம்மல் இல்லை, நகை ஒன்றும் இருக்கக்கூடாது என்றதால் மத்தியானமே கழற்றியாயிற்று. கழுத்துக்குக் கீழேதானே தேய்க்கிறோம், காதுக்கு எங்கே போகப்போகிறது. ஒரு கையால் வலது காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் தேய்த்தால் போதாதா. அவள் இடது உள்ளங்கையை மகளின் காதின் மேல் வைத்தாள், துணியை வலது தோளில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

"உம்மா, நீ எதுக்கு ஒண்ணும் பேசமாட்டங்கிறே?" என்றாள் ரஷீதா. "பேசிட்டுத்தானே இருக்கேன்." "எங்க பேசுன? உள்ளே வந்ததுல இருந்து வாயைத் திறக்கல. வலப்பக்கத்துலதான் ஆரம்பிப்பேன்னு நெனச்சேன், அதே மாதிரி ஆரம்பிச்சுட்டே." ரஷீதா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இளைப்பாகி, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அடங்கும்வரை இருந்துவிட்டு, "நான் நாக்காலியில உக்காந்திருக்கேன், பாத்துக்கோ" என்றாள். பலகையில் கிடப்பவளுக்கும் வலப்பக்கம்தான் முதலில். பாத்துமுத்துவுக்கு முகம் எரிந்தது. "போளா, வாயப் பாரு" என்றாள். துணியை இடது தோளுக்கு மாற்றினாள். இடதில் தொடங்கினால் கை எங்கேயோ போனது, தோளிலிருந்து நேரே முழங்கைக்கு வந்துவிட்டது, அக்குளை விட்டுவிட்டதா, விடவில்லையா, தேய்த்த இடம் எது தேய்க்காத இடம் எது, மருந்து நுரைகூட வரவில்லை அடையாளம் பார்க்க. ஒரு கை வேறு காதில். வெளியிலிருந்து காஜா, "மாமி, இன்னொரு வாளி வெந்நீ வேணுமா?" என்றான். "வேணாம், அங்கன நில்லாதே" என்றாள். இடது மார்பின் அடிமடிப்பைத் தூக்கித் தேய்க்க ஒரு கை போதவில்லை. காதிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையில் மருந்து இருந்தது, அது எப்போது அங்கே வந்தது, காதில் பட்டுவிட்டதா. பதறிப்போய்க் காதை விரலால் தொட்டுப் பார்த்து, அந்த விரலிலும் மருந்து இருக்குமே என்று இன்னும் பதறி, துண்டின் நுனியால் காது மடலைத் துடைத்தாள். ஈரம் இருந்தது. தலைக்கு ஊற்றின தண்ணீராக இருக்கும். இருக்க வேண்டும். "கேக்குதா? இந்தக் காது கேக்குதா?" "கேக்குது, கத்தாதே. நர்ஸு பஞ்சை வைன்னா வைக்க மாட்டங்கிறே. கொண்டா, நானே வச்சுக்கிறேன்." ரஷீதா பஞ்சைப் பிய்த்து உருட்டினாள். கையைக் காது வரை தூக்கினாள், கை அங்கே நிற்கவில்லை, பாதியில் நடுங்கி இறங்கியது, பஞ்சு ஈரத் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். "சரி, நீயே வை" என்றாள் ரஷீதா. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் தெரியும் என்று பாத்துமுத்துவுக்குத் தெரிந்தது. சின்ன வயசில் மவுத்து வீடுகளில் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கும் பிள்ளைகளில் இவளும் ஒருத்தி.

கையை நன்றாகக் கழுவித் துடைத்தாள். பஞ்சைப் பிய்த்தாள். விரல்கள் உருட்டிவிட்டன, அவள் சொல்லாமலே, அதே அளவு. வாஸ்லினைத் தொட்டுத் தடவினாள், கற்பூரம் இல்லை, வாஸ்லின், மண்ணெண்ணெய் மாதிரி லேசாக ஒரு வாசனை. பாத்ரூமில் ஓதக்கூடாது, இல்லாவிட்டால் உதடு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வலது காதில் வைத்தாள். ரஷீதா தோளைக் காதுவரை தூக்கிக் குறுகினாள். "கூசுது உம்மா!" பாத்துமுத்துவின் விரல்கள் திகைத்துப்போயின. இத்தனை காலத்தில் யாரும் கூசியதில்லை. "அசையாதே" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல்லையே பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளலாம்போல இருந்தது. "அசைஞ்சுக்கோ, கொஞ்சமா அசைஞ்சுக்கோ" என்றாள். இடது காதிலும் வைத்தாள். பிறகு அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. புதிதாக மருந்தை விட்டு வலது தோளிலிருந்து தொடங்கினாள். இந்தக் கைகளுக்கு வேறு விதம் தெரியாது. தெரிந்த விதத்தில் அவை ஒரு மடிப்பையும் விட்டதில்லை. கழுத்தின் அடி, தோள், அக்குளின் குழி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் உட்புறம், பீடி சுற்றிக் காய்த்துப்போன விரல்களின் இடுக்கு ஒவ்வொன்றும், பிறகு நெஞ்சு. நெஞ்சின் நடுவில் கை மெதுவாகிவிட்டது. தொண்டைக் குழியிலிருந்து வயிற்றின் மேல்வரை, அந்தக் கோடு போகிற வழியெல்லாம், வலது பக்கம், இடது பக்கம், மார்பைத் தூக்கி அடியில், தொப்புளைச் சுற்றி, உள்ளே. முதுகு. கால்கள். பிறகு துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

ரெண்டு நிமிஷம் விட வேண்டும். கடிகாரம் கூடத்தில் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் நிற்பது அவளுக்குப் பழக்கம் இல்லை, குளிப்பாட்டுகிற வேலையில் நடுவில் நிற்கிற இடமே கிடையாது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தோல் சிவந்து தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ உடனே அலசிவிட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க என்று எஸ்தர் சொன்னாளே. மூச்சு முட்டினால். இவளுக்கு எப்போதுதான் முட்டவில்லை. எது பழைய மூச்சு, எது மருந்தின் மூச்சு. பாத்துமுத்து குனிந்து மகளின் விலா எலும்புகளையே பார்த்தாள். ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது. கொஞ்சம் வேகமாக இருக்கிறதோ. குளிராக இருக்கும். கழுத்தில் ஒரு சிவப்பு, அது அவள் அழுத்தித் தேய்த்ததாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வெளுத்தது. ரஷீதா கண்ணை மூடியிருந்தாள். கண்ணை மூடி, காதில் பஞ்சோடு, உதட்டில் நிறமில்லாமல், முடி உச்சியில் கட்டி. பாத்துமுத்து ஒரு அடி பின்னால் போனாள், முதுகு சுவரில் இடித்தது. வேண்டாம், கண்ணைத் திற. அவள் சொன்னாளா, நினைத்தாளா. "எனக்குப் பயமா இருக்குளா" என்று சத்தமாகவே சொன்னாள். "அந்த மெகராஜுக்கு..." என்றாள். நிறுத்திக்கொண்டாள். "உன்னை நான் குளிப்பாட்டுற மாதிரி ஆகிடக் கூடாது. நீதான் என்னைக் குளிப்பாட்டணும். உனக்கு நான் சொல்லியே தரல." ரஷீதா அசையவில்லை. பிறகு அவளுடைய மேல்கையில், தோளின் வளைவிலிருந்து, ரோமம் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, தோலெல்லாம் புள்ளி புள்ளியாக எழும்பி, நெஞ்சு வரைக்கும் வந்தது. குளிர்கிறது. அவளுக்குக் குளிர்கிறது. பாத்துமுத்து குழாயைத் திறந்தாள்.

வெந்நீரைத் தோளிலிருந்து மெதுவாக ஊற்றினாள், மருந்தின் வழவழப்பு போகும்வரை ஊற்றினாள், சோப்பைத் தேடிப் போன கையைத் திருப்பிக்கொண்டாள். மறைவிடத்துக்குச் சொம்பை மகளிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். வெயிலில் காய்ந்து மொடமொடவென்றிருந்த துண்டால் ஒற்றித் துடைத்தாள், தேய்க்கவில்லை. துவைத்து வைத்திருந்த நைட்டியைத் தலைவழியாகப் போட்டாள். பவுடர் டப்பாவைத் தொடவில்லை. எல்லாம் சரியாகத்தான் முடிந்திருந்தது. ரஷீதா நாற்காலியைப் பிடித்து எழுந்தாள், கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தாள். பாத்துமுத்துவும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இனி ஒன்றும் இல்லை என்று நிமிர்ந்தாள். அவளுடைய கைகளுக்கு அவ்வளவுதான் தெரியும். பஞ்சுக்குப் பிறகு செய்ய வேண்டியது எதுவும் அவற்றுக்குத் தெரியாது. "உம்மா" என்று ரஷீதா தேவைக்கு மேல் உரக்கச் சொன்னாள், தன் காதைத் தொட்டுக் காட்டினாள். "இதை எடுக்கலியே?"

பாத்துமுத்து கிட்டே போனாள். எப்படி எடுப்பது. வைப்பதற்கு விரலுக்கு வழி தெரியும், எடுப்பதற்குத் தெரியவில்லை. நகம் பட்டுவிடும், உள்ளே தள்ளிவிடும். காது மடலை மெல்லப் பிடித்து, ஆள்காட்டி விரலாலும் கட்டைவிரலாலும் பஞ்சின் ஓரம் அகப்படும்வரை தேடி, இழுத்தாள். அது வந்துவிட்டது. "அப்பாடி" என்றாள் ரஷீதா. "என்னமோ பேசிட்டிருந்தியே, என்ன சொன்னே?" "ஒண்ணுமில்ல. குளிருதான்னு கேட்டேன்." "குளிருதுதான். அந்தப் பக்கத்தையும் எடு." எடுக்கிறேன் என்றாள் பாத்துமுத்து. கை போகவில்லை. எடுத்த பஞ்சு உள்ளங்கையில் இருந்தது. மருந்தோ தண்ணீரோ ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை, உட்பக்கம் காய்ந்துதான் இருந்தது. லேசாகப் பழுப்பேறி, காதழுக்கு வாசனையோடு, வெதுவெதுப்பாக இருந்தது.